உளி படாத செதுக்கல்: வலியும் தேறுதலும் – ஒரு வரலாற்றுப் பார்வை

'உடலைச் செதுக்குதல்' என்னும் தொடர் அண்மைக் காலமாகத் தமிழ் விளம்பரங்களில் மிகுதியாகக் காணக் கிடைக்கிறது. கத்தி இல்லை, தையல் இல்லை, மயக்க மருந்து இல்லை, ஓய்வும் தேவையில்லை என்பன அவ்விளம்பரங்களின் நிரந்தர வாசகங்கள். திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலையில் அரியமங்கலத்திற்கும் திருவெறும்பூருக்கும் இடைப்பட்ட காட்டூர் போன்ற புறநகர்களும் இதற்கு விலக்கல்ல. 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையும் படைக்கலத் தொழிற்சாலையும் திருவெறும்பூர்ப் பகுதிக்கு வந்தபிறகு வளர்ந்த குடியிருப்புகள் இவை. வயலும் வரப்புமாக இருந்த நிலத்தில் அமர்ந்து செய்யும் பணிகளும் இரவு முறை வேலைகளும் பெருகின. உழைப்பின் தன்மை மாறியது. உடலின் அமைப்பும் மாறியது. மாறிய உடலைப் பழைய வடிவிற்குக் கொணர வேண்டும் என்னும் ஏக்கம் அதன் பின்னே வந்தது. அந்த ஏக்கத்தைக் குறை சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

நம் கேள்வி வேறு. கத்தி படவில்லை என்பதால் வலியும் இல்லை, தேறுதலுக்குக் காலமும் தேவையில்லை என்று கொள்ளலாமா? இக்கேள்விக்கு விடை தேடுகையில் இன்றைய மருத்துவ ஆய்வுகள் ஒருபுறம் துணை நிற்கின்றன. மறுபுறம், நாம் சற்றும் எதிர்பாராத வகையில், காவிரிக் கரைக் கல்வெட்டுகளும் கோயில் வழக்கங்களும் துணைக்கு வருகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம், வாருங்கள்.

கல்லும் தசையும்

திருவரங்கம் கோயிலுக்குச் செல்வோர் வேணுகோபாலன் சந்நிதியின் புறச்சுவர்களைப் பாராமல் திரும்புவதில்லை. போசளக் கலைப்பாணியை நினைவூட்டும் அச்சுவரில் பெண்கள் பலர் ஒயிலாக நிற்கின்றனர். ஒருத்தி வீணை மீட்டுகிறாள்; ஒருத்தி கிளியோடு பேசுகிறாள்; ஒருத்தி கண்ணாடியில் தன் முகம் பார்க்கிறாள். தன் உடலைத் தானே நோக்கி மகிழும் அல்லது மயங்கும் பழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதற்கு அந்தக் கண்ணாடிக்காரியே சான்று.

நம் சிற்பிகள் உருவாக்கிய அழகு இலக்கணத்தில் ஒரு நுட்பம் உண்டு. வயிற்றின்மேல் விழும் மூன்று மடிப்புகளைத் 'திரிவலி' என்று பெயரிட்டு அவர்கள் போற்றினர். வடமொழிக் காப்பியங்களும் அவ்வாறே போற்றின. இன்றைய விளம்பரப் படங்களில் 'முன்' என்று தலைப்பிட்டு எந்த மடிப்பைக் குறையாகக் காட்டுகிறார்களோ, அதையே ஒரு காலத்தில் அழகின் அடையாளமாகக் கல்லிலும் செம்பிலும் வடித்திருக்கிறோம். அழகின் அளவுகோல் காலந்தோறும் மாறுவது. மாறாத ஒன்று உண்டு. கல் வலியறியாது, தசை அறியும். 'செதுக்குதல்' என்னும் சொல்லைச் சிற்பியிடமிருந்து கடன் வாங்கியவர்கள் இந்த வேறுபாட்டை மட்டும் வசதியாக மறந்துவிட்டனர்.

ஆதுலசாலையின் கணக்கு

நோயுற்றவர் தேறுவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை நம் முன்னோர் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டிருந்தனர் என்பதை அறியத் திருமுக்கூடல் செல்லவேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்த வெங்கடேசப் பெருமாள் கோயிலில், முதலாம் இராசேந்திரனின் மகனான வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டொன்று உள்ளது. காலம் கி.பி. 1068ஐ ஒட்டியது. அங்கே நடந்த கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் மருத்துவமனையையும் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. மருத்துவமனையின் பெயர் 'வீரசோழன்'. படுக்கைகள் 15.

அந்த ஆதுலசாலையில் பணியாற்றியோர் பட்டியலைக் கவனியுங்கள். நோய் நாடிச் சொல்லும் மருத்துவர் ஒருவர். சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர். மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்ய இருவர். நோயாளருக்கு மருந்து அடவும் பணிவிடை செய்யவும் பெண்கள் இருவர். இவர்களோடு நாவிதரும் தண்ணீர் வார்ப்பவரும் உண்டு. இரவு முழுவதும் எரியும் விளக்கிற்கு எண்ணெய்க்கும், நோயாளர் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் அளக்கும் அரிசிக்கும் தனித்தனி ஒதுக்கீடு இருந்தது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன.

அம்மருந்துகளில் நம் பொருளுக்கு நெருக்கமானவை தைலங்கள். பலாகேரண்ட தைலம் அவற்றுள் ஒன்று. பலா என்பது இங்கே பழமரமன்று, சிற்றாமுட்டி. ஏரண்டம் என்பது ஆமணக்கு. பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த தைலம் ஒன்றும் உண்டு. வாத வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் பூசித் தேய்க்க நாட்டு மருத்துவம் இன்றும் நாடுவது இவ்வகைத் தைலங்களைத்தான். நாட்பட வைத்த நெய்யான புராண கிருதமும் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை செய்பவர்கள் இருவர்தாம், மருத்துவரும் அறுவையாளரும். மற்ற அனைவரும் தேறுதலுக்காக அமர்த்தப்பட்டவர்கள். விளக்கும் அரிசியும் தண்ணீரும் தேறுதலுக்கான செலவுகள். வலியோடு விழித்திருப்பவனுக்கு இருட்டு எவ்வளவு நீளமானது என்பதை அறிந்தவர்தாம் இரவு விளக்கிற்கு எண்ணெய் ஒதுக்கியிருக்க முடியும்.

திருவரங்கத்திற்கு மீண்டும் வருவோம். இங்கும் ஓர் ஆரோக்கியசாலை இருந்தது. சமயபுரத்தை அடுத்த கண்ணனூரைத் தலைநகராகக் கொண்டு போசளர் ஆண்ட 13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அது நிறுவப்பெற்றது. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் அழிந்துபட்டது. சகம் 1415இல், அதாவது கி.பி. 1493இல், அதே மருத்துவ மரபில் வந்த சீனிவாசன் என்னும் கருடவாகன பட்டர் அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரிப் பெருமாளையும் எழுந்தருளச் செய்தார் என்று கல்வெட்டுக் கூறுகிறது. கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இன்றும் வழிபாட்டில் உள்ளது. தஞ்சையில் தம் தந்தை பெயரால் ஆதுலசாலைக்கு நிவந்தம் அளித்த குந்தவைப் பிராட்டியாரையும் இவ்வரிசையில் நினைக்காமல் இருக்க முடியாது. அழிந்த மருத்துவமனையை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் நினைவில் வைத்திருந்து எழுப்பிய ஊர் திருவரங்கம் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி.

பருமனும் பழநூல்களும்

உடற்பருமனைக் குறைக்கும் முயற்சி பழநூல்களிலேயே தொடங்கிவிட்டது. விக்கிரம சோழன் காலத்தில் திருவாவடுதுறையில் பாடமாக நடத்தப்பட்டதாகக் கல்வெட்டால் அறியப்படும் நூல்களுள் சரக சங்கிதை ஒன்று. அந்நூலின் சூத்திரத்தானம் 21ஆம் இயல், இகழப்படும் எண்வகை உடல்களைப் பற்றியது. மிகு பருமனும் மிகு மெலிவும் அவற்றுள் அடங்கும். இரண்டில் மெலிவே மேல் என்பது சரகர் முடிவு. பருமனுக்கு மருத்துவம் செய்வதே கடினம் என்பது அதற்கு அவர் கூறும் காரணம். உணவு மாற்றம், திரிபலை, தேன், மோர் ஆகியவற்றோடு 'ருக்ஷ உத்வர்த்தனம்' என்னும் உலர்பொடித் தேய்ப்பையும் அவர் பரிந்துரைக்கிறார். கத்தி படாமல் புறத்திலிருந்து கொழுப்பின்மேல் செலுத்தும் மருத்துவத்தின் மூத்த வடிவங்களுள் இதனை வைக்கலாம்.

சித்த மருத்துவம் புறமருத்துவ முறைகளை 32 எனப் பகுக்கும். கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் என விரியும் அவ்வரிசையில் தொக்கணம் குறிப்பிடத்தக்கது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். இன்றைய கருவிகளின் செயல்களை இப்பெயர்களோடு ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். உறிஞ்சுகுழாய் தசையை இழுக்கிறது, உருளை அழுத்துகிறது, அதிரும் வார் அசைக்கிறது. சுவீடன் நாட்டின் குஸ்தாவ் சாண்டர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உடலைப் பிசையவும் அசைக்கவும் இயந்திரங்களை உருவாக்கினார். 1980களில் பிரான்சின் லூயி-பால் கித்தே, விபத்தில் ஏற்பட்ட தம் தழும்புகளுக்குச் செய்யப்பட்ட கைத்தேய்ப்பைப் பார்த்து உருளையும் உறிஞ்சலும் சேர்ந்த கருவியைப் படைத்தார். தழும்பை ஆற்றப் பிறந்த கருவி, வெகு விரைவில் இடையைக் குறைக்கும் கருவியாக அழகு நிலையங்களுக்குள் நுழைந்தது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. தொக்கணமோ உலர்பொடித் தேய்ப்போ கொழுப்பணுவைக் கொல்வதில்லை. கொல்லும் திறன் வந்தது நம் காலத்தில்தான். வலியின் தன்மையும் அப்போதுதான் மாறியது.

பனிக்குச்சி சொன்ன செய்தி

1970ஆம் ஆண்டு எப்ஸ்டைன், ஓரன் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் ஒரு குழந்தையைப் பற்றிய சிறு குறிப்பொன்றை வெளியிட்டனர். குச்சி ஐஸ் சப்பிய குழந்தையின் கன்னத்தில் சிவந்த கெட்டியான வீக்கம் தோன்றியிருந்தது. ஆராய்ந்தபோது தோலுக்கு ஊறு இல்லை. அதன் அடியிலிருந்த கொழுப்பு மட்டும் அழற்சியுற்றிருந்தது. இதற்குப் பனிக்குச்சிக் கொழுப்பழற்சி என்றே பெயர் நிலைத்தது. நீர் உறையும் வெப்பநிலைக்கு மேலேயே கொழுப்பு இறுகத் தொடங்கிவிடும். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் புட்டியில் உறைந்து கிடப்பதைப் பார்த்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்த உண்மையை மருத்துவமாக மாற்றியவர்கள் பாஸ்டன் நகர மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும். பன்றிகளிடம் நடத்திய சோதனை முடிவுகளை அவர்கள் குழு 2008இல் வெளியிட்டது. 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இடுப்பின் பக்கவாட்டுக் கொழுப்புக்கு இம்முறையை ஏற்றது. 2012இல் வயிற்றுக்கும் ஏற்பு கிடைத்தது. கிரையோலிபாலிசிஸ் என்பது இதன் பெயர். கொழுப்பை உறையச் செய்தல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

செயல்முறை எளிது. கிண்ணம் போன்ற கருவி தோலையும் கொழுப்பையும் உள்ளே உறிஞ்சி, முப்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை குளிர வைக்கிறது. கருவியை எடுத்தவுடன் அவ்விடம் குளிர்ந்த வெண்ணெய்க் கட்டிபோல் விறைத்திருக்கும். அதனைச் சில நிமிடம் பிசைந்துவிடுவர். அவ்வளவுதான், எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் உடலுக்குள் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. குளிர்ந்த கொழுப்பணுக்கள் உடனே மடிவதில்லை; தம்மைத் தாமே முடித்துக்கொள்ளும் நிலைக்குத் தள்ளப்படுகின்றன. சில நாட்களில் அழற்சி தோன்றி, ஏறத்தாழ இரண்டாம் வாரத்தில் உச்சம் பெறுகிறது. பின்னர் விழுங்கணுக்கள் வந்து மடிந்தவற்றை மெல்ல அகற்றுகின்றன. இத்துப்புரவுப் பணி முடிய இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். குறைவது பெரும்பாலும் அவ்விடத்துக் கொழுப்பின் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். எனவே இது எடை குறைக்கும் மருத்துவமன்று. ஓரிடத்து மேட்டைத் தணிக்கும் முறை மட்டுமே.

வலியின் நாட்காட்டி

இப்போது வலிக்கு வருவோம். முதல் பத்து நிமிடம் இழுப்பும் கடுங்குளிர்ச் சுளிப்பும் இருக்கும். பின் அவ்விடம் மரத்துப்போகும். பிசையும்போது வலிக்கும். அன்றும் அதனையடுத்த சில நாட்களிலும் சிவப்பு, வீக்கம், உறிஞ்சியதால் ஏற்பட்ட கன்றல், தொட்டால் நோவு ஆகியன இயல்பு. மரத்த உணர்வு பெரும்பாலும் சில வாரங்களில், மிகுந்தால் இரண்டு மாத அளவில் நீங்கும்.

பலரும் எதிர்பாராதது இதற்குப் பின் வருவது. முதல் நாள் நலமாக இருந்தவர்க்கு மூன்றாம் நாளோ அடுத்த வாரமோ திடீரெனக் குத்தலும் எரிச்சலும் மின்னல் வெட்டுவது போன்ற வலியும் தோன்றுவதுண்டு. இரவில் மிகுதியாகித் தூக்கத்தைக் கெடுக்கும். 2015இல் வெளியான ஆய்வொன்று 125 நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தது. அவர்களுள் 19 பேருக்கு இத்தகைய தாமத வலி வந்திருந்தது, அனைவரும் பெண்கள். வலி தொடங்கியது சராசரியாக மூன்றாம் நாள். நீடித்தது சராசரியாகப் பதினொரு நாள். வலி தானாகவே அடங்கிவிடும் என்பது ஆறுதல். ஆனால் அப்படி ஒன்று வரக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்லப்படாதவர், தமக்கு ஏதோ பெருங்கேடு நிகழ்ந்துவிட்டதாக எண்ணி நடுங்குவார். வலியைவிட அந்த நடுக்கம் கொடியது. நரம்பு வலிக்குரிய மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவர்தான் தரமுடியும்.

பிற முறைகளுக்கும் தனித்தனி நாட்காட்டிகள் உண்டு. குவித்த மீயொலி அலையைச் செலுத்தும் முறையில் சிகிச்சையின்போதே வலி மிகுதி. அதன் நோவும் கன்றலும் ஓரிரு வாரங்கள் நிற்கலாம். சீரொளியால் கொழுப்பைச் சூடாக்கும் முறையில் வெப்பக் குத்தலும் பின்னர்ச் சில வாரங்கள் தொட்டால் நோவும், சிலருக்குச் சிறு முடிச்சுகளும் தோன்றும். மின்காந்தத்தால் தசையைச் சுருக்கி விரிக்கும் முறையில், பழக்கமில்லாதவர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தண்டால் எடுத்தது போன்ற தசை நோவு இரண்டொரு நாள் இருக்கும். வெப்ப முறைகளில் தீப்புண்ணும், நம் போன்ற மாநிறத்தவர்க்குத் தோல் கறுத்துப்போவதும் கவனிக்கத்தக்க இடர்கள்.

ஆக, 'ஓய்வு தேவையில்லை' என்னும் வாசகம் ஓரளவே உண்மை. படுத்திருக்க வேண்டியதில்லை என்பது மெய். ஆனால் உடலுக்குள் தேறுதல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்குக் காலமும் கவனிப்பும் வேண்டும்.

கொழுப்பு எதிர்த்து வளர்ந்த கதை

அரிதாக நிகழும் ஒரு விளைவையும் சொல்லியாக வேண்டும். 2014இல் தோல் மருத்துவ இதழொன்றில் வெளியான குறிப்பு, குளிரூட்டிய இடத்தில் கொழுப்பு குறைவதற்குப் பதிலாக வளர்ந்துவிட்ட ஒருவரைப் பற்றியது. சிகிச்சைக்குப் பின் சில மாதங்கள் கழித்து, கருவியின் வாய் பதிந்த அதே வடிவில் கெட்டியான மேடு எழுகிறது. பெரும்பாலும் வலியிராது, தானாகக் கரைவதும் இல்லை. இருபதாயிரத்தில் ஒன்று என்னும் அளவில் நிகழ்வதாக முதலில் கணிக்கப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் பல அதனினும் கூடுதலான விகிதங்களைக் கூறின. இதனைச் சரிசெய்யப் பெரும்பாலும் அறுவை முறையையே நாட வேண்டியுள்ளது. கத்திக்கு அஞ்சி வந்தவர் கத்தியிடமே செல்லும் நிலை இது.

புகழ்பெற்ற கனடிய வடிவழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா தமக்கு இவ்வாறு நேர்ந்ததை 2021 செப்டம்பரில் வெளியுலகுக்கு அறிவித்தார், வழக்கும் தொடுத்தார். 2022இல் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. உலகமே பார்த்துப் போற்றிய உடலுக்குரியவர், பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் ஒதுங்கி வாழ்ந்ததாகச் சொன்னார். உடலில் வலியில்லாத அந்த மேடு மனத்தில் எத்தகைய வலியைத் தந்திருக்கும் என்பதை அவ்வாக்குமூலம் உணர்த்துகிறது. தேறுதல் என்பது தோலோடும் தசையோடும் முடிவதில்லை.

தாயுமானவர் காட்டிய வழி

கத்தியின்றி உடல் பெருமாற்றம் அடைந்து, வலி கண்டு, மீண்டும் பழைய வடிவிற்குத் திரும்பும் நிகழ்வொன்றை மனித குலம் என்றும் அறியும். அது மகப்பேறு. அதன் தேறுதலுக்கென்றே ஒரு கோயில் திருச்சிராப்பள்ளி மலைமேல் நிற்கிறது.

இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண்ணின் கதையை நம் வாசகர்கள் அறிவர். பேறுகாலம் நெருங்கியும், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அவள் தாயால் வரமுடியவில்லை. இறைவனே தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தார். வெள்ளம் வடியும்வரை உடனிருந்தார். மெய்யான தாய் வந்து சேர்ந்தபோது மறைந்தார். செவ்வந்திநாதர் தாயுமானவர் ஆனது இவ்வாறு. சித்திரைப் பெருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்னும் பெயரில் இந்நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடத்திக் காட்டப்படுகிறது. சுகப்பேறு வேண்டுவோர் வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு.

இக்கதையில் பேறு நடந்தது ஒரு பொழுதில். இறைவன் தங்கியதோ வெள்ளம் வடியும்வரை. கதையை ஆக்கியவர்கள் பேறு முடிந்தவுடன் இறைவனை மலைக்கு அனுப்பிவிடவில்லை. பின்வரும் நாட்களில்தான் துணை மிகுதியாக வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வார்த்து, வயிற்றில் துணி கட்டி, பேறுகால மருந்து கொடுத்து, வேலை வாங்காமல் வைத்திருந்த வழக்கத்தின் பொருளும் இதுவே. வயிற்றுக்கட்டும் ஒருவகை உடல் திருத்தம்தான். ஆனால் அதைக் கட்டியவள் அந்த வீட்டிலேயே இருந்தாள். இறுக்கம் கூடினால் தளர்த்திவிட ஒரு கை அருகில் இருந்தது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் மருத்துவத்தின் கூறுகளை நான்காகச் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர். சரகரும் இந்நான்கையே மருத்துவத்தின் நான்கு கால்கள் என்கிறார். திருமுக்கூடல் கல்வெட்டு இந்நான்கிற்கும் நெல் அளந்தது. இன்றைய செதுக்கல் கட்டணத்திலோ முதல் மூன்றுமே கணக்கில் வருகின்றன. சில இடங்களில் இரண்டாவதும் ஐயத்திற்குரியது. நான்காமவர் எங்கும் இல்லை. மூன்றாம் நாள் இரவில் வலி வந்தால் யாரைக் கேட்பது என்னும் வினாவிற்கு விடையில்லாமல் சிகிச்சைக்கு இசைவதே இதில் உள்ள பெரும் இடர்.

அறிந்துகொள்ள வேண்டியவை

எனவே இவ்வகைச் சிகிச்சையை நாடும் நண்பர்கள் சிலவற்றைக் கேட்டறிந்தபின் முடிவெடுப்பது நன்று. கருவியை இயக்குபவர் யார், மேற்பார்வையிடும் மருத்துவர் யார், அவர் உண்மையில் அங்கே இருப்பாரா என்பது முதல் வினா. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களை நெறிப்படுத்த 1997ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. அதன்கீழ்ப் பதிவு பெற்ற இடமா என்று கேட்பதில் தவறில்லை. குளிரால் தடிப்பு எழுபவர்கள், குளிரில் உறையும் குருதிப் புரதக் கோளாறு உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கருவுற்றவர்கள் குளிர்முறையைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவால் உணர்வு குன்றியவர்கள் மருத்துவரிடம் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் இறுக்கமற்ற ஆடை, நல்ல நீர், இயல்பான நடை, மருத்துவர் எழுதித்தந்த வலிமருந்து ஆகியன பெரும்பாலும் போதும். மரத்திருக்கும் இடத்தில் வெந்நீர்ப் பையோ பனிக்கட்டியோ வைப்பது ஆபத்து; சூடும் குளிரும் அவ்விடத்திற்குத் தெரியாது. கொப்புளம், தோல் கறுத்தல், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, மாதங்கள் கழித்து எழும் கெட்டியான மேடு ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என்று உச்சநீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துள்ளது. எனவே படிவங்களையும் சிகிச்சைக்கு முந்தைய படங்களையும் பத்திரப்படுத்துவது நம் கடமை.

காப்பு

ஆனி மாதத்தில் திருவரங்கத்தில் சேட்டாபிடேகம் நடைபெறும். பெரிய பெருமாளின் திருமேனி சுதையாலானது. எனவே நீராட்டு இல்லை, தைலக்காப்பே உண்டு. தைலம் சாற்றியபின் திருமேனி முழுவதும் திரையிட்டு மறைக்கப்படும். ஏறத்தாழ ஒரு மண்டலக் காலம், 48 நாட்கள் அளவு, அடியார்கள் திருமுகத்தை மட்டுமே சேவிக்க முடியும். தொலைவிலிருந்து வந்தவர்கள் திருவடி காணாமல் திரும்புவர், எவரும் குறைகூறுவதில்லை. திருமேனி காப்பில் இருக்கிறது என்று ஊரே அறியும், ஊரே காத்திருக்கும்.

கல்லும் சுதையுமான திருமேனிக்கே ஒரு மண்டலம் பொறுத்திருக்கப் பழகிய ஊரில், குருதியும் நரம்புமான உடலுக்கு ஒரு மணி நேரம் போதும் என்று யாரேனும் சொன்னால் நாம் சற்றே நின்று யோசிக்கலாம். உடலைத் திருத்திக்கொள்வது அவரவர் விருப்பம். திருத்தியபின் அது தேறும்வரை அதற்குரிய நாட்களைத் தருவதும், அந்நாட்களில் அருகிருப்பதும் வீட்டார் கடமை. வரப்போகும் வலியை முன்கூட்டிச் சொல்வது சிகிச்சை செய்பவர் கடமை. இரவு விளக்கிற்கு எண்ணெய் ஒதுக்கிய சோழர் காலத்து அறத்தை இந்த அளவிலேனும் நாம் தொடரலாம்.